காய்ச்சல் வராத வயது

எனக்கு அன்றைக்குக் காய்ச்சல் தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு. அதைக் காய்ச்சல் என்று ஒப்புக்கொண்டது எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான்.

அதற்கு மூன்று நாள் முன்னால் ஓமலூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கும் மோருக்கும் இடையில் ஏழெட்டு முறை தும்மினார். ஒவ்வொரு தும்மலுக்கும் பிறகு என்னைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். எழுந்து போயிருக்கலாம். பாயசம் இன்னும் வரவில்லை.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. இரண்டு ஷெட், ஒன்றில் இளங்கோழிகள், இன்னொன்றில் முட்டையிட்டு முடிக்கப்போகும் பழைய கோழிகள். பண்ணைக்குள்ளேயே வீடு. வீட்டில் நான், என் மனைவி, எண்பத்தொரு வயது அம்மா. அன்று காலை தொண்டை கரகரத்ததும் தெர்மாமீட்டரை வாயில் வைத்தேன். தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு. நம்பிக்கை வராமல், கொரோனா சமயத்தில் கேட்டில் நின்று லாரி டிரைவர்களின் நெற்றியில் துப்பாக்கி மாதிரி நீட்டிய கருவியைத் தீவன மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து தேடி எடுத்தேன். அது தொண்ணூற்றாறு காட்டியது. இரண்டில் எது அதிகமோ அதை நம்புவது என் கொள்கை.

படுத்துக்கொண்டே செல்போனில் படித்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். நோயோடு சண்டை போடும் அணுக்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். வாலிபம் வந்ததும் சுருங்க ஆரம்பித்து, ஐம்பது தாண்டுவதற்குள் பெரும்பாலும் கொழுப்பாகிவிடும். பிறகு புது அணுக்கள் வருவது குறைந்துபோகும், பழையவற்றை வைத்தே காலத்தை ஓட்ட வேண்டும். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. நெஞ்சைத் தட்டிப் பார்த்தேன். பின்னால் இருக்கும் கொழுப்பைப் பற்றித் தெரியவில்லை. முன்னால் இருப்பது தாராளமாகத் தெரிந்தது.

கோழிக்கும் அதே சுரப்பி உண்டு. நெஞ்சில் இல்லை, கழுத்தின் இரண்டு பக்கமும் மணி கோத்த மாதிரி வரிசையாக இருக்கும். செத்த கோழியை டாக்டர் அறுத்துக் காட்டும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இளங்கோழியில் பளிச்சென்று தெரியும். வயதான கோழியில் தேடினாலும் அகப்படாது. அன்று மத்தியானம் கண்ணாடி முன் நின்று என் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்ததை மனைவி பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, கழுத்துல என்னத்தத் தேடறீங்க?"

"தைமஸ்."

"அதுக்கெல்லாம் நேரமிருக்குது. தீவன வண்டி வந்து அரைமணி நேரமா நிக்குது, போயி இறக்குங்க."

போகவில்லை. அவளே போய் இறக்கினாள்.

என் பக்கம் நின்றது அம்மா ஒருத்திதான். பக்கம் நின்றது என்றால், கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு திட்டியது. அம்மா திட்டுவதை எங்கள் பண்ணையில் யாரும் திட்டு என்று நினைப்பதில்லை. அது ஒரு நேரக் கணக்கு. காலை ஆறு மணிக்கு வாசல் லைட்டை அணைக்காததற்கு. ஏழுக்கு நான் பல் விளக்கும் சத்தத்துக்கு. எட்டுக்கு நாய்க்கு. பத்து மணிக்கு முட்டை அடுக்குகிற பெண்கள் டீக்கு எழுந்திருப்பதே, அம்மா மனைவியிடம் சர்க்கரையைப் பற்றி ஆரம்பிக்கும் சத்தத்தை வைத்துத்தான். எல்லாவற்றுக்கும் மேலே, ஷெட்டிலிருந்து செருப்போடு நான் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் கிடைப்பது. அதைத் திருச்செங்கோட்டு மலை வரைக்கும் கேட்கலாம்.

"பஞ்சுக்குள்ள வெச்ச முட்டையாட்டப் படுத்துக் கெடக்கறான் பாரு," என்று கசாயத்தை நீட்டியபடி சொன்னாள். "அம்மை போட்ட ஒடம்போட பத்துப் பேருக்கு நான் களி கிண்டிப் போட்டவ. உனக்குத் தும்மல் வந்தா ஊரையே கூட்டறே."

"அம்மா, இது சாதாரணத் தும்மல் இல்லம்மா. எனக்கு எதிர்ப்புச் சக்தி போயிருச்சு."

"உனக்கு எதுத்துப் பேசற சக்தி மட்டும் எப்பத்தான் போகும்?"

இதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. திட்டுகிறாள் என்றால் நான் பிழைத்துக்கொள்வேன் என்று அர்த்தம். அதனால் மூன்று நாளும் அவளைப் பக்கத்திலிருந்து நகர விடவில்லை. இருமும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஐம்பத்து நான்கு வயது.

சளி மூன்றே நாளில் போய்விட்டது. பயம் போகவில்லை, கட்டிலும் என்னை விடவில்லை.

நான்காம் நாள் காலை வாசல் லைட் எரிந்துகொண்டே இருந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் பல் விளக்கினேன், வழக்கத்தைவிடச் சத்தமாகவே. ஒன்றுமில்லை. நாய் வந்து அவள் காலடியில் படுத்தது. அதற்கும் ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் அறிவுள்ள மகன் என்ன நினைத்திருப்பான் என்று எனக்கு இப்போது தெரியும். நான் நினைத்தது வேறு. அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, மகன் தேறமாட்டான் என்று மனசுக்குப் பட்டுவிட்டது, போகிற உயிரை எதற்குத் திட்ட வேண்டும் என்று விட்டுவிட்டாள். இப்படி முடிவு கட்டிக்கொண்டு போய்ப் படுத்தேன். என்மேல் எனக்கே இரக்கம் பொங்கியது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அதைக் காய்ச்சலின் அறிகுறி என்று நினைத்து மறுபடி தெர்மாமீட்டரை வைத்தேன்.

ஐந்தாம் நாள் மனைவி வந்து நின்றாள்.

"ஏனுங்க, அத்தைக்கு நேத்துலருந்து சோறு எறங்கல. ரெண்டு வாய் உண்டுட்டு வெச்சர்றாங்க. சடவா இருக்கறாப்ல இருக்குது."

எங்கள் வீட்டில் உடல் சூட்டுத் துறைக்கு அந்த வாரம் நான்தானே அதிகாரி. தெர்மாமீட்டரைக் கழுவி, அம்மா வாயில் வைத்து, மணி அடித்ததும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். தொண்ணூற்றேழு புள்ளி ஆறு.

"பாரு," என்றேன் பெருமையாக. "காய்ச்சலே இல்ல. என்னையவிட அம்மா நல்லாயிருக்குது. எனக்கு இப்பக்கூடத் தொண்ணூத்தெட்டு புள்ளி அஞ்சு."

மனைவிக்கு முகம் தெளியவில்லை. ஆனாலும் கருவி சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அன்று மத்தியானமே அவள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பாள். ஒரு நாள் முழுக்க என் பெருமையால் போயிற்று.

ஆறாம் நாள் காலை, படுத்ததிலிருந்து முதல் தடவையாக ஷெட் பக்கம் போனேன். பழைய ஷெட்டில் முட்டை குறைந்துகொண்டே வந்திருந்தது. கோழிகள் எல்லாம் நின்றுகொண்டுதான் இருந்தன. சளி இல்லை, கழிச்சல் இல்லை, ஒன்றும் சாகவில்லை. பண்ணைக்கு வரும் கோழி டாக்டருக்குப் போன் செய்தேன். என் வயதுக்காரர், இருபது வருடப் பழக்கம்.

"சாவு இருக்குதுங்களா?" என்றார்.

"ஒண்ணுகூட இல்லீங்க. பார்த்தா சீக்கே தெரியல."

"பழைய கோழிகிட்டச் சீக்க எதுக்குங்க தேடறீங்க? இத்தனை தடவ தடுப்பு மருந்து குடிச்ச கோழி, உள்ள வெள்ளைக்கழிச்சல் வந்தாலும் வெளிய காட்டாது. நின்னுக்கிட்டுத்தான் இருக்கும். அது தெனம் செய்யற வேலையில என்ன கொறஞ்சுதுன்னு பாருங்க. அதாங்க சீக்கு. பொழுதோட வாரேன், ரத்தம் எடுத்துப் பாத்துரலாம்."

இதைக் கேட்டதும் எனக்குப் பளீரென்று புரிந்து வீட்டுக்கு ஓடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஓடவில்லை. 'இருபது வருஷமா இது எனக்குத் தெரியாதா' என்று நினைத்துக்கொண்டு, முட்டை அட்டைகளை எண்ணிவிட்டு, நிதானமாக நடந்தேன். யோசனையில் செருப்பைக் கழற்ற மறந்துபோனேன். கோழிக் கழிவு ஒட்டிய செருப்போடு நடுவீட்டுக்குள் நாலு எட்டு வைத்த பிறகுதான் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை.

"ஆருங்க சாமி," என்றாள் அம்மா, விருந்தாளிக்குச் சொல்கிற மெல்லிய குரலில். "முட்டை வண்டிக்காரருங்களா? பையன் ஷெட்டுல இருக்கறான். உக்காருங்க, தண்ணி குடிங்க."

டாக்டர் போனில் சொன்னது அப்போதுதான் எனக்குக் கேட்டது.

கார் கதவை எப்படித் திறந்தேன் என்று ஞாபகமில்லை. மனைவி பின்சீட்டில் அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டாள். நாமக்கல் போகும் வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே இருந்தேன். அம்மா, லைட்டை அணைக்காம வந்துட்டம்மா. அம்மா, இன்னைக்கு டீயில மூணு கரண்டி சர்க்கரை. ஒரு வார்த்தை வரவில்லை. மூச்சு மட்டும் குட்டி குட்டியாக, அவசரமாக வந்துகொண்டிருந்தது. அந்த மூச்சு நேற்றும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளம் டாக்டரம்மா. அம்மாவின் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். முகம் மாறியது. உடனே ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது நுரையீரலின் அடிப்பாகம் மாவு கரைத்து ஊற்றின மாதிரி வெள்ளையாக இருந்தது.

"நிமோனியா. எத்தனை நாளா இப்படி இருக்காங்க?"

"காய்ச்சலே இல்லீங்களே," என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"இந்த வயசுல வராமலேயே போகலாங்க. காய்ச்சல்ங்கறது கிருமியோட உடம்பு சண்டை போடற சத்தம் மாதிரி. வயசாக ஆக அந்தச் சத்தம் போடறதுக்கு உடம்புல ஆள் பத்தாது. அமைதியா இருக்கேன்னு நாம நினைச்சுக்குவோம். சாப்பாடு குறையும், பேச்சு குறையும், ஆளை அடையாளம் தெரியாமப் போகும். அதுதான் அவங்களுக்குக் காய்ச்சல்." பிறகு சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "வீட்ல யாருக்காவது சளி இருந்துச்சா?"

நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னைத் திட்டாமல் விட்ட ஒரே இடம் அது. அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

"நிமோனியாவுக்கு, ஃப்ளூவுக்கு எல்லாம் ஊசி போட்டிருக்கீங்களா அம்மாவுக்கு?"

"கொரோனாவுக்குப் போட்டதோட சரிங்க."

"ஐயா என்ன வேலை பண்றீங்க?"

"கோழிப் பண்ணைங்க," என்றேன்.

என் பண்ணை ஆபீஸ் சுவரில் ஒரு அட்டவணை தொங்குகிறது. குஞ்சு வந்த நாளிலிருந்து எந்த வாரம் கண்ணில் சொட்டு, எந்த வாரம் ஊசி, எந்த வாரம் தண்ணீரில் மருந்து என்று எல்லாம் அதில் உண்டு. மருந்து கொடுக்கும் நாளில் இரண்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்தித் தாகம் ஏற்றி, மருந்து கெடாமலிருக்கப் பால் பவுடர் கலந்து, ஒரு கோழி விடாமல் குடிக்கிறதா என்று நானே நடந்து பார்ப்பேன். வயது ஏற ஏற எதிர்ப்புச் சக்தி இறங்கும், மறுபடி ஏற்ற வேண்டும் என்று ஊரில் புதுப்பண்ணைக்காரர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். ஷெட்டுக்குள் போகிற யாரும் மருந்துத் தண்ணீரில் கால் நனைக்காமல் போக முடியாது. தும்முகிற ஆளை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன். அத்தனையும் கோழிக்கு. எண்பத்தொரு வயது அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து மூன்று நாள் இருமினேன்.

"ஊசி போட்டிருந்தா வந்திருக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. வயசானவங்களுக்கு ஊசியும் அவ்வளவு நல்லாப் பிடிக்காது. ஆனா இவ்வளவு தூரம் போகாம இருந்திருக்கலாம்." சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து இரக்கப்பட்ட மாதிரி சேர்த்துச் சொன்னார். "இப்பவாவது கூட்டிட்டு வந்தீங்களே."

அந்த 'இப்பவாவது' இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

எட்டு நாள் இருந்தோம். முதல் மூன்று நாள் பிழைப்பாளா என்று யாரும் சொல்லவில்லை. கேட்டால் "பார்க்கலாங்க" என்றார்கள். எனக்குச் சாவு பயம் உண்டு என்று இத்தனை வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அந்த மூன்று நாளில் என் உடம்பை நான் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. காய்ச்சல் இருந்ததா, இல்லையா என்று இன்றுவரை தெரியாது. நிஜமான பயம் வந்தால் எனக்கு விளையாட்டுப் பயம் விட்டுப்போகிறது என்பது அங்கே தெரிந்த விஷயம். தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தைத் தின்றுகொண்டிருந்தேன். அம்மாவுக்காக வாங்கியது. அம்மா கண்ணைத் திறந்து நெடுநேரம் பார்த்தாள்.

"நோயாளிக்கு வாங்கின பழத்த," என்று மாஸ்க்குக்குள்ளிருந்து முனகல் வந்தது, "நீயே திங்கறயாடா, வெக்கங்கெட்டவனே."

நான் பழத்தோடு வராந்தாவுக்கு ஓடினேன். மனைவியிடம் சொல்லப் போனேன். "அம்மா திட்டிருச்சு," என்று மிச்சப் பழத்தை அவள் கையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்தோம். டாக்டரம்மா சொன்னபடி, உடம்பு தேறினதும் அம்மாவுக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்று. ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டு, "கோழிக்குப் போடற ஊசியவே போட்டுட்டானாட்ட இருக்குது" என்றாள். எங்கள் வீட்டு வாசலில் இப்போது சோப்பும் ஒரு பெட்டி மாஸ்க்கும் இருக்கின்றன. மூக்கை உறிஞ்சுகிற ஒறம்பரை, விருந்தாளி யார் வந்தாலும் வெளியிலேயே டீ. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போகட்டும்.

ஆனால் பழைய அம்மா முழுதாக வரவில்லை. இப்போது ஒரு நாளைக்கு மூன்று, நல்ல நாளில் நான்கு திட்டு. வாசல் லைட்டுக்கு உண்டு. சர்க்கரைக்கு உண்டு. நாய்க்குக் கிடையாது, நாய் அதனால் கொஞ்சம் வாடித்தான் இருக்கிறது. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். இதற்குமேல் ஏறாது, இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

போன மாதம் பழைய ஷெட்டைக் காலி செய்தோம். வயது முடிந்த கோழிகளைக் கூடை கூடையாக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா வாசல் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னையும் அதுலயே ஏத்தி உட்டுரு சாமி. தீவனமாவது மிச்சமாகும்."

"வண்டியில எடமில்லம்மா. அடுத்த லோடுல பாக்கலாம்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். லாரி போன பிறகு பம்பு செட் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன்.

அன்று மனைவியிடம் கேட்டேன். "எனக்கு வயசான காலத்துல காய்ச்சல் வராம சீக்கு வந்தா நீ எப்படிக் கண்டுபுடிப்பே? என்கிட்ட எது கொறையும்?"

அவள் யோசிக்கவே இல்லை. "உங்க வாய்தானுங்க. நீங்க ஒரு அரைநாள் ஒளறாம இருங்க, நானே ஆம்புலன்ஸைக் கூப்புட்டர்றேன்."

அன்றிலிருந்து தொண்டை வலித்தாலும் பேசிக்கொண்டே இருக்கிறேன். உடம்பு லேசாகச் சுட்டால் மட்டும் இப்போது பழைய மாதிரி அலறுவதில்லை. சத்தம் போட இன்னும் ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு எதிரில் மட்டும் தும்முவதில்லை; தும்மல் வந்தால் ஷெட்டுக்கு ஓடிப்போகவும் முடியாது, அங்கே கோழிகள் இருக்கின்றன. நடுவில் வேப்பமரத்தடியில் நின்று தும்முகிறேன்.

நேற்று அம்மா திட்டியது இரண்டே தடவை. இன்று காலை லைட்டை அணைக்காமல் விட்டேன். பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டேன். பல்லை அரைமணி நேரம் விளக்கினேன். மூச்சை எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்து வாங்கி வைத்த விரல் கிளிப்பிலும் எண் சரியாகத்தான் இருந்தது. காய்ச்சல் பார்க்கவில்லை. அதை நான் இப்போது நம்புவதில்லை.

கார் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஷெட்டுக்குப் போய் ஒரு சுற்று நன்றாக மிதித்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றாமல், நடுவீட்டுக்குள் நுழைந்து அவள் எதிரில் நின்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் காலைப் பார்த்தாள்.

சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏண்டா," என்று ஆரம்பித்தாள்.